செவலையில் ஐந்து நாள்

மே 8, புதன்

கோடை விடுமுறைக்கு என் அலுவலகத்தில் ஒருவன் மொரீஷியஸ் போகிறான். இன்னொருவன் காஷ்மீர் போகிறான். நான் அறுபது வருஷத்துப் பழைய காரில், மாமனார் மாமியாரோடு ராமேஸ்வரம் போகிறேன்.

மனைவி சுகந்தி, ஏழு வயது மகள் மித்ரா, நான் மூவரும் இன்று காலைதான் சென்னையிலிருந்து வந்து, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் உள்ள மாமனாரின் தோப்பில் இறங்கினோம். மாமனார் நாச்சிமுத்துக்கு அறுபத்தெட்டு வயது. வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் காரைக் காட்டினார். அறுபத்து நான்காம் வருஷத்து வண்டி. அவருடைய அப்பா வாங்கியது. செம்மண் நிறம் என்பதால் பெயர் செவலை. மாட்டுக்கு வைக்கிற பெயர். பானெட்டைத் தட்டிக்கொடுத்து, "செவலை, மாப்ள வந்திருக்காங்க பாரு" என்கிறார். வண்டி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காவது அறிவு இருக்கிறது.

பார்த்த மாத்திரத்தில் பதினொரு குறைகள் கண்டேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் என் கம்பெனியில் எனக்குத் தனி அறையும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் என்ற பலகையும் கொடுத்திருக்கிறார்கள். சீட் பெல்ட் இல்லை. ஏ.சி. இல்லை. இண்டிகேட்டர் எரியவில்லை. கியர் கம்பு தரையில் இல்லாமல் ஸ்டியரிங்கின் கழுத்தில் தொங்குகிறது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க மாப்ள" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது?

இந்தப் பயணம் அவருடைய ஏற்பாடு. ஜனவரியில் சுகந்தி எங்கள் புதுக் காரைக் கேட்டில் உரசினாள். கேட் குறுகல் என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன், இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டாள். மார்ச்சில் மாமனாரே கொண்டுவந்து விட்டார். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "மே மாசம் அஞ்சு நாளு எல்லாரும் வண்டீல போயிட்டு வரலாமுங்க மாப்ள. ஒண்ணா இருந்து பாப்போம். அதுக்கப்புறம் அம்மிணி அங்க வருதா, இங்கயே இருக்குதான்னு அதுவே சொல்லட்டும்."

அவருக்கு எல்லாமே பஞ்சாயத்துதான். திரும்புவதற்கு மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. இதில் அவள் சொல்ல என்ன இருக்கிறது?

சுகந்தி கல்யாணச் சீரில் வந்த குத்துவிளக்கைச் சென்னையிலிருந்து துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டடி உயரப் பித்தளை. எதற்கு என்றால், "கோயில்ல ஏத்தணுமுங்க" என்கிறாள். மித்ராவின் பிறப்புச் சான்றிதழும் அவள் பையில் இருந்தது. லாட்ஜில் கேட்பார்கள் என்று பயந்திருப்பாள், பாவம். அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் ஏதோ சொன்னாள். நான் டயரில் காற்று பார்க்கப் போய்விட்டேன்.

மே 9, வியாழன்

ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பியது ஏழு ஐம்பதுக்கு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், சூடம், ஒரு பூசணிக்காய். அத்தை கட்டிய கட்டுச்சோறு ஒரு பட்டாளத்துக்குக் காணும்: புளிச்சோறு ஒரு தூக்கு, தயிர்ச்சோறு ஒரு தூக்கு, முறுக்கு ஒரு டின்.

முன் சீட் எனக்கு. "மாப்ள முன்னால உக்காரோணும்" என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின்னால் அத்தை, சுகந்தி, மித்ரா, அவர்கள் காலடியில் விளக்கு. இந்தக் குடும்பத்துக்கு மரியாதை மட்டும் நன்றாகத் தெரியும். அதை நான் மறுக்க மாட்டேன்.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர். உடுமலை தாண்டி ஒரு டிராக்டர் எங்களை முந்திப் போனது. டிராக்டர்காரன் கையசைத்தான். மாமனார் ஹாரன் அடித்துப் பதில் மரியாதை செய்தார்.

தாராபுரம் பக்கம் அவர்கள் குலதெய்வம் கோயில். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமி ஏது? புருஷன் வீட்டுச் சாமிதான் அவளுக்குச் சாமி. எங்கள் பக்கத்தில் இது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். சுகந்தி எம்.எஸ்ஸி. படித்தவள். விளக்கை அந்தச் சந்நிதியில் வைத்து ஐந்து முகமும் ஏற்றினாள். பூசாரி அவளைப் பார்த்து, "அம்மிணிய எந்தக் கூட்டத்துக்குக் கட்டிக் குடுத்திருக்குதுங்க?" என்று கேட்டார். கூட்டம் என்றால் எங்கள் வழக்கில் வம்சம். கல்யாணமான பெண் புருஷனுடைய கூட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

"நானு இந்தக் கூட்டமுங்க. இங்கத்தவதான்" என்றாள்.

என் கூட்டத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லித் திருத்தினேன். பூசாரி மாமனாரைப் பார்த்தார். மாமனார் சாமியைப் பார்த்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூடப் புகை அப்படி.

வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது சுகந்தி என் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, எழுந்துவிட்டேன். புளிச்சோற்றில் உப்பு அதிகம்.

மே 10, வெள்ளி

ஒட்டன்சத்திரம் தாண்டி, பதினொரு மணி வெயிலில் செவலை நின்றது. நான் நேற்றே எதிர்பார்த்தேன். மாமனார் பானெட்டைத் திறந்து, பழைய சேலைத் துணி ஒன்றை நனைத்துப் பெட்ரோல் பம்பைச் சுற்றிப் போட்டார், காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுவது போல. "சூடு தணியட்டுங்க" என்றார். கால் மணி நேரம் தணிந்தது. பிறகு செல்ஃப் எடுக்கவில்லை. தள்ள வேண்டும்.

நியாயப்படி கிழவர் ஸ்டியரிங்கில் உட்கார, நான் தள்ளியிருக்க வேண்டும். நான் சட்டைக் கையை மடித்ததும் அத்தை பதறிவிட்டார்.

"ஐயோ, நாலு பேரு போற ரோட்டுல மாப்ளையத் தள்ள உடறதா? தெரிஞ்சா சனம் என்ன பேசும்? நீங்க உள்ள போயி உக்காருங்க."

உட்கார்ந்தேன். மரியாதையை மறுக்கக் கூடாது. அறுபத்தெட்டு வயது மாமனாரும், அத்தையும், சுகந்தியும் பின்னால் தள்ளினார்கள். மித்ரா புளியமரத்தடியில் நின்று ஒன்று இரண்டு எண்ணினாள். "செகண்டுல போட்டுக் கிளட்ச்ச மெதுவா உடுங்க மாப்ள" என்று மாமனார் கத்தினார். செகண்ட் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பதினாறு வருஷமாகக் கார் ஓட்டுகிறவன் கியர் எங்கே என்று கேட்பானா? கம்பை இழுத்து ஓரிடத்தில் சொருகினேன். கறகறவென்று ஒரு சத்தம், வண்டி ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் மாமனாரின் முட்டி பம்பரில் மோதிவிட்டது.

ரிவர்ஸை அந்த இடத்தில் வைத்தது வண்டியைச் செய்தவனுடைய தவறு.

அவர் ரோட்டிலேயே உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க மாப்ள, ஒண்ணுமில்லீங்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

சுகந்தி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

இறங்கினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். இப்போது தள்ளுவதற்கு நானும் அத்தையும். அத்தை இந்த முறை என்னைத் தடுக்கவில்லை. பத்தடி உருண்டதும் ஒரு சின்ன உதறல், செவலை கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினாள். மாமனாரை முன் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தோம். எனக்குப் பின்னால், விளக்குக்குப் பக்கத்தில் இடம்.

பதினைந்து வயதில் தோப்புக்குள்ளேயே செவலையை ஓட்டக் கற்றுக்கொண்டாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மே 11, சனி

மதுரை. லாட்ஜில் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. நான் சொன்னேன் அல்லவா?

சுகந்தி ஓட்டுவதில் கண்ட குறைகள்: வளைவில் ஹாரன் அடிப்பதில்லை. முட்டியில் துணி கட்டிய அப்பாவிடம் ஓயாமல் பேசுகிறாள், அவர் எதற்கோ சிரிக்கிறார். திரும்பும்போது வலது கையை வளையலோடு வெளியே நீட்டுகிறாள். எதிரில் வந்த பஸ்காரன் வழிவிட்டு சல்யூட் அடிக்கிறான். டீக்கடையில் நிறுத்தினால் காரைச் சுற்றிப் பத்துப் பேர். ஒரு வாத்தியார், "யம்மா, நீயா ஓட்டிட்டு வாரே? பெரிய ஆளும்மா நீ" என்றார். இதில் பெரிய ஆள் எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதுகாப்புக்காகப் பின்னாலிருந்து "பிரேக், பிரேக்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மித்ரா காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, நீங்க கத்துனாத்தான் அம்மா இடிப்பாங்க. நம்ம கேட்டுலயும் நீங்க கத்துனதாலதான் இடிச்சாங்க." குழந்தைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"செவலைய ஓட்டத் தெரியும்னு ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"கல்யாணமான புதுசுலயே சொன்னனுங்க. மாட்டு வண்டியான்னு கேட்டுச் சிரிச்சீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து மேலும் ஏதோ சொன்னாள். பக்கத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது.

மே 12, ஞாயிறு

பாம்பன் பாலத்தில் கீழே கடல். அத்தை கடலுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, நனைந்த கோழி மாதிரி வெளியே வந்தோம். பாவம் போயிற்றா என்று மித்ரா கேட்டாள். எனக்கு ஜலதோஷம் வந்தது.

பிறகு தனுஷ்கோடி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு, ரோட்டில் மாட்டுப் பெயர் வைத்த கார். மாமனார் ஒரு காலை இழுத்து இழுத்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, நாளைக்கு அஞ்சாம் நாளுங்க."

"தெரியும் மாமா. டிக்கெட் போட்டிருக்கேன்."

"அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"என்ன வார்த்தை?"

"அதை நானு சொல்லிக் குடுத்தா நல்லா இருக்காதுங்க."

சுற்றி வளைத்துப் பேசுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. பெரியவர் சொல்லைத் தட்ட வேண்டாம் என்று சுகந்தியிடம் போய், "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று கேட்டேன். என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வெகு நேரம் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இப்படிச் சிரித்ததில்லை. எல்லாம் சரியாகிவிட்டது.

கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஏதோ சொன்னாள். பேய்க் காற்று, பாதி காதில் விழவில்லை. செருப்புக்குள் மணல் வேறு. அங்கங்கே தலையாட்டினேன்.

மித்ரா கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு வந்து, "தாத்தா வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல பெரிய ஊஞ்சல் இருக்குப்பா" என்றாள். சென்னைப் பள்ளியில் நீச்சல் குளமே இருக்கிறது என்றேன்.

மே 13, திங்கள்

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். செவலை எங்கும் நிற்கவில்லை. கறுப்பாகப் புகை விட்டது, அவ்வளவுதான்.

மே 14, செவ்வாய்

சென்னை. வீடு. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே கோவை ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டோம். சுகந்தி எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் தள்ள வேண்டும். நான் இறங்கி டிக்கியைத் திறந்தேன். என் பெட்டி மட்டும் மேலாக இருந்தது. அவர்கள் பைகளெல்லாம் அடியில். ஒன்றை இழுத்தேன், வரவில்லை. டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன்.

"இறங்கு. பையை எடு."

ஸ்டியரிங்கிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "நீங்க போங்க. நானும் மித்ராவும் இங்கயே இருந்துக்கறோமுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நாளுக் கணக்கு இல்லீங்க."

"திடீர்னு இப்படி ரோட்டுல வெச்சுச் சொன்னா என்ன அர்த்தம்?"

"திடீர்னா? அஞ்சு நாளாச் சொல்லிக்கிட்டேதான் இருந்தனுங்க. உங்க டைரியப் பாருங்க. நீங்கதான் எல்லாத்தையும் எழுதறீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். மாமனார் கட்டுப் போட்ட காலோடு இறங்கி நின்று கைகூப்பினார். அத்தை ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார், புளிச்சோறு. மித்ரா பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கையாட்டினாள். வலது பக்கம் வளையல் கை நீண்டது. செவலை திரும்பிப் போய்விட்டது.

மோகனசுந்தரம் என்ற என் பெயரில் மூன்று பெர்த். டி.டி.ஆர். வந்து, மற்ற இரண்டு பேர் எங்கே சார் என்றார். ஈரோட்டில் ஏறுவார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஈரோடு வந்தபோது எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 15, புதன்

போன் வரவில்லை. அந்த ஓட்டை வண்டி எங்காவது நின்றிருக்கும். தள்ள ஆள் வேண்டுமென்றால் தானே கூப்பிடுவாள்.

மே 17, வெள்ளி

பூஜை அலமாரியில் விளக்கு இருந்த இடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை. ஒன்பது வருஷத்துக் கறை, சோப்புப் போட்டும் போகவில்லை. சீர் விளக்கு வந்த வீட்டைவிட்டுச் சும்மா வெளியே போகாது. சென்னையிலேயே அதைத் துணியில் சுற்றும்போது நான்தான் கயிறு கட்டிக்கொடுத்தேன். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து இரண்டாம் முறையும் கட்டினேன்.

ஜனவரியில் சொன்ன இரண்டு வார்த்தையை இங்கே எழுதவில்லை. எழுதிவிடலாம். "மாடு மேய்க்க வேண்டியவளுக்கு ஸ்டியரிங் எதுக்கு?" வீட்டுக்கு வந்திருந்த நண்பர்கள் நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 20, திங்கள்

அலுவலகம் போகவில்லை. காலையிலிருந்து இந்த டைரியையே படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டும்.

புதன்: ஏதோ சொன்னாள். வியாழன்: ஏதோ சொன்னாள். சனி: ஏதோ சொன்னாள். ஞாயிறு, கடற்கரையில், அரை மணி நேரம்: ஏதோ சொன்னாள். உப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறேன். எறும்பு, லாரி, மணல் எல்லாம் எழுதியிருக்கிறேன். பூசாரி சொன்னது, டீக்கடை வாத்தியார் சொன்னதுகூட அட்சரம் பிசகாமல் இருக்கிறது. பதினொரு குறை கண்டவன் இந்த ஒன்றைப் பார்க்கவில்லை. தனுஷ்கோடியில் மாமா கேட்கச் சொன்ன வார்த்தை எது என்று இப்போது தெரிகிறது. "என்ன சொன்னே, இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்டிருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

பதினொரு மணிக்குப் போன் செய்தேன். மாமனார் எடுத்தார்.

"சுகந்தி இருக்காளா? ஒண்ணு கேக்கணும்."

"வெளிய போயிருக்குதுங்க. மித்ராவ இங்க பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு."

"எதுல போயிருக்கா?"

"செவலையிலதானுங்க. காலைல ஒரே செல்ஃபுல கெளம்பிருச்சு."

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பத்து நாளாகிவிட்டது கேட்பதற்கு. பரவாயில்லை என்றார். சுகந்தி வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், அன்றைக்குக் கடற்கரையில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன் என்றேன்.

"சரிங்க தம்பி, சொல்றேன்" என்றார்.

தம்பி என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னை மாப்ள என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.